ஹைபிரிட்டா, பெட்ரோலா: ஒரே வீட்டில் இரண்டு கணக்கு

ஹைபிரிட் என்ற சொல் நம்முடைய கார் ஷோரூம்களுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே விதைக் கடைக்கு வந்துவிட்டது. ஹைபிரிட் சோளம், ஹைபிரிட் கத்தரி, ஹைபிரிட் தென்னை என்று கேட்டுப் பழகிய காவிரிப் பாசனத்துக் குடியானவரிடம் போய் அதற்கு வியாக்கியானம் செய்யவேண்டிய அவசியமே இல்லை. இரண்டு ரகங்களின் நல்ல குணங்களை ஒன்றில் சேர்த்த விதை அது என்பதும், அதன் விலை அதிகம் என்பதும், விளைச்சலும் அதிகம் என்பதும், ஆனால் அந்த விளைச்சல் தம்முடைய கொல்லையில் கிடைக்குமா என்பது மண்ணையும் தண்ணீரையும் பொறுத்த விஷயம் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். காரைப் பற்றி நான் சொல்லப்போவதும் ஏறக்குறைய இதுவேதான்.

கும்பகோணத்தில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 66, சென்ற ஆண்டின் கடைசியில் தமது பழைய காரைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கவேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டார். அதே சமயத்தில் சென்னைப் போரூரில் குடியிருக்கும் அவருடைய மாப்பிள்ளைக்கும் அதே எண்ணம் உண்டாயிற்று. இருவர் மனத்திலும் இருந்தது ஒரே வகையான கார்: நான்கு மீட்டருக்குச் சற்று நீளமான, ஐந்து பேர் தாராளமாக உட்காரக்கூடிய, பெட்ரோலிலும் ஹைபிரிட்டிலும் கிடைக்கக்கூடிய ஒரு வண்டி. "மாப்பிள்ளை ஹைபிரிட்டுதான்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். நானும் அதையே வாங்கிடலாமா? நீங்கதான் எதையும் கணக்குப் பாத்துச் சொல்றவராச்சே" என்று தாசில்தார் தொலைபேசியில் கேட்டார். கேட்டவர்கள் இருவர், பொருள் ஒன்று. ஆகவே பதிலும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று முதலில் நானும் நினைத்தேன்.

விலையையும் மைலேஜையும் பேசுவதற்கு முன்னால் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஹைபிரிட் என்று நம் நாட்டில் விற்கப்படுகிறவை இரண்டு வகை. ஒன்றில் உள்ள சிறிய மின்சார உறுப்பு, இன்ஜினைச் சத்தமில்லாமல் ஸ்டார்ட் செய்வதற்கும், வண்டி கிளம்பும்போது கொஞ்சம் தோள் கொடுப்பதற்கும் மாத்திரமே பயன்படும். அதனால் காரைத் தனியாக ஓர் அடிகூட நகர்த்த முடியாது. இதை மைல்ட் ஹைபிரிட் என்பார்கள். மற்றொன்று ஸ்ட்ராங் ஹைபிரிட். இதில் இன்ஜின் முழுவதும் உறங்கிக்கொண்டிருக்க, மின்சார மோட்டார் மட்டும் காரை இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் போன ஒரு ஷோரூமில், வெகு மரியாதையாகப் பேசிய ஓர் இளைஞர் முதல் வகைக் காரைக் காட்டி, "இதுவும் ஹைபிரிட்தான் சார், விலை மட்டும் மூன்று லட்சம் குறைவு" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் மெய்யும் அதிகம் இல்லை. இந்தக் கட்டுரையில் ஹைபிரிட் என்று நான் எழுதுமிடத்தில் எல்லாம் இரண்டாவது வகையையே குறிப்பிடுகிறேன். முதல் வகையைச் சற்று மெருகேற்றிய பெட்ரோல் கார் என்றே கொண்டு, அந்த விலைக்கே அதை மதிப்பிடவேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "ராத்திரியில சார்ஜ் போட மறந்துட்டா?" என்று தாசில்தாரின் மனைவி கேட்டார்கள். இந்தக் காருக்குச் சார்ஜ் போடவேண்டியதில்லை. போடுவதற்கு இடமும் இல்லை. வாயில் ஊற்றுவது பெட்ரோல் ஒன்றேதான்.

அப்படியானால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது நியாயமான கேள்வி. சாதாரண கார் பிரேக் பிடிக்கும்போது, அதுவரை பெட்ரோல் செலவழித்துச் சேர்த்த வேகம் முழுவதும் பிரேக்கில் வெறும் சூடாகிக் காற்றோடு போகிறது. ஹைபிரிட்டிலோ, காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்த மாத்திரத்தில் மோட்டார் டைனமோவாக மாறி, அந்த வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. குளித்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் கொல்லையிலிருக்கும் வாழைக்குத் திருப்பிவிடுகிற யுக்திதான் இது. வேறு மாயம் ஒன்றுமில்லை. யோசனையும் புதிதன்று, பெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர் 1900ஆம் ஆண்டிலேயே, வியன்னாவில் லோனர் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், பெட்ரோல் இன்ஜினால் மின்சாரம் உண்டாக்கிச் சக்கரத்தில் பொருத்திய மோட்டாரால் ஓடும் வண்டி ஒன்றைச் செய்தார். பிறகு பெட்ரோல் மலிவாகக் கிடைத்த காலமெல்லாம் அதை யாரும் சீந்தவில்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டாவின் பிரியஸ் கார் விற்பனைக்கு வந்த பிறகே அந்தப் பழைய யோசனை மறுபடியும் தெருவுக்கு வந்தது. இந்தியாவில் பிரியஸ் 2010இல் வந்தது. விலையைக் கேட்டவர்கள் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். நடுத்தரக் குடும்பத்தின் பேச்சில் ஹைபிரிட் அடிபடத் தொடங்கியது 2022இல், ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்தபோதுதான்.

பேட்டரி என்றதும் மின்சாரக் காரில் இருக்கும் பெரிய பேட்டரியை நினைத்துவிடக் கூடாது. கிராண்ட் விட்டாராவின் ஹைபிரிட் பேட்டரி 0.76 கிலோவாட் மணி. அதாவது வீட்டு மின்சார ரசீதில் வரும் கணக்கில் முக்கால் யூனிட். கூரை விசிறி ஒன்று ஒரு ராத்திரி சுற்றுவதற்குப் போதுமான மின்சாரம், அவ்வளவே. ஆகவே அது தானியக் களஞ்சியம் அன்று. பஸ் கண்டக்டரின் தோளில் தொங்குகிற சில்லறைப் பை. ஓயாமல் போட்டுக்கொண்டும் எடுத்துக்கொண்டும் இருந்தால்தான் அதனால் பிரயோஜனம். போட்டு எடுக்கும் வியாபாரம் எங்கே மும்முரமாக நடக்கும்? நிற்பதும் கிளம்புவதும் மறுபடியும் நிற்பதுமாக இருக்கிற நகரத்துச் சாலையில். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு மீதி எல்லாம் தானே விளங்கிவிடும்.

எனினும் பிரத்தியட்சமாகப் பார்த்துவிட வேண்டும் என்று தாசில்தார் சென்னைக்கு வந்தார். மாப்பிள்ளை தம் ஆபீஸ் நண்பரின் ஹைபிரிட் காரை இரண்டு நாளைக்குக் கடன் வாங்கியிருந்தார். போரூரிலிருந்து சோழிங்கநல்லூருக்கு அவர் தினந்தோறும் போய் வருகிற பாதை போக வர 50 கிலோமீட்டர். இதில் மவுண்ட் பூந்தமல்லி சாலையும், மெட்ரோ ரயில் வேலையும், கத்திப்பாராவும், வேளச்சேரியும் அடக்கம் என்று சொன்னால் சென்னைவாசிகள் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். மாலை ஆறரை மணிக்குக் கத்திப்பாராவை நெருங்கியபோது முன்னால் ஒரு மாநகரப் பேருந்தும், இருபுறமும் ஆட்டோக்களும், எங்கே பார்த்தாலும் சிவப்பு விளக்குகளுமாகக் கார் நின்றுவிட்டது. ஏஸி மட்டும் குளிர்ச்சியாக வீசிக்கொண்டிருந்தது. தாசில்தார் காதைத் தீட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?"

"இல்ல மாமா, ஆன்லதான் இருக்கு. இன்ஜின்தான் ஓடல."

"அப்ப ஏஸி?"

"அது பேட்டரில ஓடுது."

பேருந்து நான்கு அடி நகர்ந்தது, எங்கள் காரும் சத்தமே இல்லாமல் நான்கு அடி நகர்ந்தது, பேருந்து நின்றது, நாங்களும் நின்றோம். திரையில் சிறிய அம்புக்குறி ஒன்று, போகும்போது பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கும், நிற்கும்போது சக்கரத்திலிருந்து பேட்டரிக்குமாக இடம் மாறிக்கொண்டிருந்தது. இப்படி ஐந்தாறு நிமிஷம் ஊர்ந்த பிறகு, நின்ற இடத்திலேயே இன்ஜின் மெதுவாகக் கனைத்துக்கொண்டு எழுந்து, சற்று நேரம் ஓடிப் பேட்டரிக்குக் கொஞ்சம் ஊட்டிவிட்டு, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. சாதாரண காரில் ஏஸியின் கம்ப்ரஸரை இன்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுற்றவேண்டும். ஆதலால் சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கிறவர் இன்ஜினை அணைக்கவும் முடியாது, அணைத்தால் உட்காரவும் முடியாது. ஏஸியோடு நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் ஓடினால் இந்த அளவு இன்ஜின் முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பெட்ரோலைக் குடித்துவிடும். மாப்பிள்ளையின் பாதையில் தினம் ஒரு மணி நேரம் நிற்பதிலேயே கழிகிறது.

இரண்டு நாளும் அந்தப் பாதையில் ஓட்டி, ஒரே பங்க்கில், ஒரே பம்பில், குழாய் முதல் தடவை 'டக்' என்று நிற்கிற இடத்தில் நிறுத்தி, பெட்ரோல் நிரப்பிப் பார்த்தோம். 101 கிலோமீட்டருக்கு 4.7 லிட்டர் கொண்டது. அடுத்த இரண்டு நாள் மாப்பிள்ளை தம்முடைய பழைய பெட்ரோல் காரில், அதுவும் கியர் தானாக மாறும் ஆட்டோமேட்டிக், அதே நேரத்தில் அதே பாதையில் போய் வந்தார். அதற்கு 8.5 லிட்டர். லிட்டருக்கு ஒன்று ஏறக்குறைய 21. மற்றது 12 கூட இல்லை. கம்பெனி விளம்பரத்தில் கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுக்கு 27.97 என்று இருக்கிறதே என்றால், அது பரிசோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டிக் கண்ட அளவு. அங்கே கத்திப்பாரா இல்லை. எந்தக் காருக்கும் விளம்பர மைலேஜில் கால் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவது என் வழக்கம். நகரத்து நெரிசலில் ஓடும் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் ஏறக்குறைய பாதியையே கழிக்கவேண்டும்.

தாசில்தாரின் முகத்தில் அப்போதே முடிவு எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் அவர் ஓட்டுகிற சாலை இது அன்று. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு மாதம் இரண்டு தடவை டாக்டரைப் பார்க்க; சுற்றுவட்டாரத்துக் கோயில்களுக்கு; கல்யாணங்களுக்கு; வருஷத்தில் நான்கைந்து முறை விக்கிரவாண்டி வழியாகச் சென்னைக்கு. இந்தச் சாலைகளில் அவர் நாலாவது, ஐந்தாவது கியரில் போட்டுவிட்டு, பிரேக்கில் கால் வைக்காமலே பல மைல் போவார். பிரேக் பிடிக்காத இடத்தில் சில்லறைப் பைக்கு வரவு எங்கே? நெடுஞ்சாலையில் மணிக்கு 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஹைபிரிட்டிலும் இன்ஜின்தான் பெரும்பாலும் பாரம் சுமக்கிறது. அந்த இன்ஜின் அட்கின்ஸன் முறையில் அமைந்தது. வேகத்தை விட்டுக்கொடுத்துச் சிக்கனத்தை வாங்கிக்கொள்ளும் சுபாவம் உடையது. ஆகையால் அங்கேயும் கொஞ்சம் மிச்சம் உண்டு. பெட்ரோல் கார் 16 கொடுக்கும் சாலையில் இது 20 கொடுக்கும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் 12க்கும் 21க்கும் உள்ள வித்தியாசம் இல்லை.

இனி ரூபாயில் பேசுவோம். ஒரே காரின் ஒரே தரத்தில், ஆட்டோமேட்டிக் பெட்ரோலுக்கும் ஹைபிரிட்டுக்கும், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்துச் சாலைக்கு வரும் விலையில் 3 லட்சம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். மாப்பிள்ளையின் பாதையில் 10,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கார் 833 லிட்டர் கேட்கும், ஹைபிரிட் 476 லிட்டர் கேட்கும். மிச்சம் 35,700 ரூபாய். அவர் வருஷத்துக்கு 18,000 கிலோமீட்டர் ஓடுகிறவர். ஆகவே வருஷ மிச்சம் 64,000 ரூபாயை ஒட்டி வரும். அதிகமாகக் கொடுத்த 3 லட்சம் ஐந்து வருஷத்துக்குள் திரும்பிவிடும். அந்த 3 லட்சத்தை வங்கியில் போட்டிருந்தால் 7 சதவீத வட்டிக்கு வருஷம் 21,000 வந்திருக்குமே என்று கேட்கிற குணமுள்ளவர் அதையும் கழித்துக்கொள்ளட்டும். அப்போது ஏழு வருஷம் ஆகும். பேட்டரிக்குக் கம்பெனிகள் கொடுக்கும் உத்தரவாதம் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது; அவருக்கு எட்டு வருஷத்தில் 1,44,000 கிலோமீட்டர்தான் ஆகியிருக்கும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்கு நேராகிறது.

தாசில்தாரின் பாதையில் 10,000 கிலோமீட்டருக்கு மிச்சம் 12,500 ரூபாய். அவர் வருஷத்துக்கு 7,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார், மிச்சம் 8,750. வட்டியை மறந்துவிட்டாலும், 3 லட்சம் திரும்புவதற்கு 34 வருஷம் ஆகும். அதாவது அவருடைய நூறாவது வயது பூர்த்தி விழாவன்று. அவர் அவ்வளவு காலம் இருந்து காரோட்டவேண்டும் என்பதில் எனக்குப் பூரண விருப்பம் உண்டு. கார் இருக்குமா என்பதில்தான் சந்தேகம். வட்டியைச் சேர்த்தாலோ, வட்டி 21,000, மிச்சம் 8,750. பணம் ஒருபோதும் திரும்பாது. தவிர, அவர் கியர் போட்டு ஓட்டிப் பழகியவர். கியர் வைத்த பெட்ரோல் கார் ஆட்டோமேட்டிக்கைவிட இன்னும் லட்ச ரூபாய் மலிவு. அதையும் சேர்த்தால் இந்தப் பேச்சே வேண்டியதில்லை.

விலை வித்தியாசத்தைக் கேட்கும்போது இரண்டு இடங்களில் விழிப்பாக இருக்கவேண்டும். ஹைபிரிட் பெரும்பாலும் மேல் தரங்களில்தான் கிடைக்கிறது. ஆகவே கண்ணாடிக் கூரையும், குளிரூட்டிய இருக்கையும், சுற்றிலும் காமிராவும் அதோடு சேர்ந்தே வரும். அடிப்படைத் தரத்துப் பெட்ரோல் காரோடு மேல் தரத்து ஹைபிரிட்டை ஒப்பிட்டு, ஐந்து லட்சம் வித்தியாசம் என்று மலைப்பவர்களும் உண்டு. கண்ணாடிக் கூரைக்குக் கொடுத்த பணத்தையும் பெட்ரோல் மிச்சத்தில் தேடுகிறவர்களும் உண்டு. இரண்டும் பிசகு. மற்றொன்று வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம்; 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 19 லட்சத்துச் சொச்சத்தில் நிற்கும் பெட்ரோல் காரின் ஹைபிரிட் அண்ணன் 20 லட்சத்தைச் சில ஆயிரங்களால் தாண்டினாலும், வரியில் மட்டும் 40,000 ரூபாய்க்கு மேல் கூடிவிடும். மத்திய அரசின் ஜிஎஸ்டியில் முன்பு ஹைபிரிட்டுக்குச் சிறு சலுகை இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுள்ள பெட்ரோல் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் ஒரே 40 சதவீதம். மின்சாரக் காருக்கு மட்டும் 5. உத்தரப் பிரதேசம் 2024இல் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளிக் கொடுத்தது. லக்னோ நண்பர் சொல்லும் விலையைக் கேட்டு இங்கே ஏமாறவேண்டாம்.

மலைப் பாதையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோயம்புத்தூர்க்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது முக்கால் யூனிட் மின்சாரம் முதல் சில வளைவுகளிலேயே கரைந்துவிடும். அதன்பின் மூன்று சிலிண்டர் இன்ஜின் ஒன்றே ஐந்து பேரையும் சாமான்களையும் இழுக்கவேண்டும். இழுக்கும், ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு, தொடர்ந்து உரக்க ஒரே சுருதியில் கத்திக்கொண்டு இழுக்கும். கத்திப்பாராவில் கேட்ட மௌனத்தில் மயங்கியவர்களுக்கு இந்தச் சத்தம் அதிர்ச்சியாக இருக்கும். இறங்கும்போது நிலைமை நேர் எதிர். பேட்டரி விரைவிலேயே நிரம்பிவிடும், நிரம்பிய பிறகு வருகிற மின்சாரத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. அப்போது கியர்ப்பிடியை 'B' என்ற இடத்துக்குத் தள்ளவேண்டும். இன்ஜின் பெட்ரோல் இல்லாமலே சுழன்று காரைத் தாங்கிப் பிடிக்கும். முதல் தடவை அந்த இரைச்சலைக் கேட்டு வண்டி கெட்டுவிட்டது என்று பயந்து ஓரங்கட்டியவன் நானே. வாரந்தோறும் மலை ஏறி இறங்குகிற எஸ்டேட்காரருக்குக் கியர் வைத்த பெட்ரோல் காரே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

பேட்டரியின் ஆயுளைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இதற்கு நல்ல சாட்சி வேண்டுமானால் கடல் கடந்து இலங்கையைப் பார்க்கவேண்டும். ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷன் செய்து இறக்குமதியான பிரியஸ், அக்குவா, ஆக்ஸியோ, வெசல் முதலிய ஹைபிரிட்டுகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பிப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி திறக்கப்பட்டபடியால், இருந்த வண்டிகளையே வைத்துக் காலம் தள்ளவேண்டியதாயிற்று. அந்த அனுபவத்தில் தெரிவது இது: ஹைபிரிட் பேட்டரி ஒரே நாளில் மாரடைப்பு வந்ததுபோல் விழுந்துவிடுவதில்லை, உள்ளே இருக்கும் பல அறைகளில் ஒன்றிரண்டு முதலில் சோர்வடையும், மைலேஜ் இறங்கும், பிறகு எச்சரிக்கை விளக்கு எரியும். சோர்ந்த அறைகளை மட்டும் மாற்றிக்கொடுக்கும் பட்டறைகள் அங்கே ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கின்றன. அப்படி ஒட்டுப்போட்டது புதியதுபோல் நீடிக்காது. பேட்டரியின் பரம சத்துரு உஷ்ணம். பல கார்களில் அதைக் குளிர்விக்கக் காற்று இழுக்கும் துவாரம் பின் இருக்கையின் அருகிலேயே இருக்கும். அதன்மேல் பையையும் துண்டையும் போட்டு அடைத்துவிடாமலும், அதிலுள்ள வடிகட்டியைச் சர்வீஸில் சுத்தம் செய்தார்களா என்று கேட்டும் வந்தால் பாதிக் கவலை தீரும். உத்தரவாதம் முடிந்தபின் புதிய பேட்டரி என்ன விலை என்பதை வாங்கும் முன்பே சர்வீஸ் மேனேஜரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னவர் எட்டு வருஷம் கழித்து அந்த நாற்காலியில் இருக்கமாட்டார்.

பராமரிப்பில் ஹைபிரிட்டுக்குச் சில சௌகரியங்கள் உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். தேய்வதற்குக் கிளட்ச் கிடையாது. தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கிடையாது. பிரேக் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் பேடுகள் வெகு நாள் வரும். ஆனால் தெருமுனை மெக்கானிக் இதில் கை வைக்கக் கூடாது. ஆரஞ்சு நிறத்தில் போகும் கம்பிகள் உயிரை வாங்கும் மின்னழுத்தம் உடையவை. மழைக் காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கிக் காருக்குள் ஏறிவிட்டால், ஸ்டார்ட் செய்து பார்க்காமல், நான்கு சக்கரமும் தரையில் படாதபடி லாரியில் ஏற்றித்தான் சர்வீஸுக்கு அனுப்பவேண்டும்.

தாசில்தாருக்கு மிகவும் பிரயோஜனப்பட்ட விஷயம் வேறொன்று. அவரும் மனைவியும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மகனோடு இருக்க அமெரிக்கா போய் ஆறு மாதம் தங்குகிறவர்கள். ஆறு மாதம் போர்த்திக் கிடந்த கியர் வைத்த பெட்ரோல் காரின் 12 வோல்ட் பேட்டரி அடியோடு சாகாமல் இறங்கி மட்டும் போயிருந்தால், தெருப் பையன்கள் மூன்று பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டுக் கிளப்பிவிடலாம். பையன்களுக்குக் காபிச் செலவோடு தீர்ந்தது. ஹைபிரிட்டை ஊரே கூடித் தள்ளினாலும் அது கிளம்பாது. அதிலும் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது. அது உயிரோடிருந்தால்தான் பெரியதை எழுப்ப முடியும். பெரிய பேட்டரியும் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் இறங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை யாராவது வந்து அரை மணி நேரம் ஓட்டவேண்டும். நம்பிச் சாவியைக் கொடுக்க ஆள் வேண்டும். இதைக் கேட்டபிறகு தாசில்தாருக்கு ஹைபிரிட்டின்மேல் இருந்த மோகம் பாதியாயிற்று.

டிக்கியைத் திறந்து காட்டியதும் மீதியும் போயிற்று. கிராண்ட் விட்டாராவில் பேட்டரி பின்னால் இருப்பதால், பெட்ரோல் காரைக் காட்டிலும் டிக்கியில் ஏறக்குறைய நூறு லிட்டர் இடம் குறைகிறது. மாப்பிள்ளைக்கு லேப்டாப் பை வைக்க அது போதும். தாசில்தாரோ சென்னைக்கு வரும்போதெல்லாம் அரிசி மூட்டையும், வாழைத்தாரும், நான்கு தேங்காயும் இல்லாமல் வந்ததில்லை.

வேறு வழிகளும் இருக்கின்றன. பத்து லட்சத்துக்குள் கார் தேடுகிறவருக்கு ஸ்ட்ராங் ஹைபிரிட் ஒன்றுகூடக் கிடையாது. அவர் பெட்ரோலையோ சிஎன்ஜியையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளவேண்டியதுதான். சொந்த வீட்டில், சொந்த மீட்டரில் சார்ஜ் போட வசதியுள்ளவர், நகரத்துக்குள்ளேயே சுற்றுகிறவர், மின்சாரக் காரையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்தோடு சார்ஜருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற மாப்பிள்ளை போன்றவர்களுக்குத்தான் ஹைபிரிட் சரியான நடுவழி.

ஆகவே காரைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் சாலையைப் பாருங்கள். முன்பணம் கொடுப்பதை ஒரு மாதம் தள்ளிவைத்து, இப்போதிருக்கிற காரில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தைப் போட்டுவையுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் என்ற இரண்டை மட்டும் எழுதிவந்தால் போதும். மாதக் கடைசியில் கிலோமீட்டரை மணியால் வகுத்துப் பாருங்கள். மணிக்குச் சராசரி 20, 25 கிலோமீட்டருக்குள் வந்து, வருஷ ஓட்டம் 15,000ஐத் தாண்டுமானால், விலை வித்தியாசத்தைக் கண்டு தயங்காமல் ஹைபிரிட்டை வாங்கலாம். சராசரி 45க்கு மேலாகவோ, ஓட்டம் 10,000க்குக் குறைவாகவோ இருந்தால் பெட்ரோலே போதும். இரண்டுக்கும் நடுவில் விழுகிறவர்கள் ஓட்டுகிற சுகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். அவர்களுக்கு எது வாங்கினாலும் பெரிய லாபமுமில்லை, பெரிய நஷ்டமுமில்லை. நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் வலிக்கிறவருக்கு அந்தச் சுகத்தின் மதிப்பு என் கணக்கில் அடங்காது.

மாப்பிள்ளை ஹைபிரிட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டார். தாசில்தார் தை பிறந்ததும் கியர் வைத்த பெட்ரோல் காரையே வாங்கினார். மிச்சமான நான்கு லட்சம் கும்பகோணத்து வங்கியில் வைப்புத் தொகையாக இருக்கிறது.